ஆறாம் நாள் பீர்க்கங்காய்

போன தை மாதம் ஒரு வீட்டு விசேஷத்துக்காகக் கோவில்பட்டி போனவன், ஒரு வாரம் கழித்துத்தான் தூத்துக்குடி திரும்பினேன். கிளம்பிய அன்று மொட்டைமாடிப் பந்தலில் ஒரு பீர்க்கம்பிஞ்சு அரைச் சாண் நீளத்துக்குத் தொங்கியது. வந்து பார்த்தால் முக்கால் முழம். பெருமையோடு அறுத்துக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் நீட்டினேன். ஆச்சி அதை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை ஒரு வரியின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். நகம் இறங்கவில்லை.

"முத்திப் போச்சுல்லா தம்பி. இனி இது முதுகு தேய்க்கத்தான் ஆவும்."

நான் விடவில்லை. இறால் போட்டுச் சமைத்துப் பார்த்தேன். இறாலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தைச் சக்கை சக்கையாகத் துப்ப வேண்டியதாயிற்று.

விதைப் பாக்கெட்டின் பின்புறத்தில் எல்லாம் விவரமாகத்தான் அச்சிட்டிருந்தார்கள். விதைத்து எத்தனை நாளில் முதல் பறிப்பு, காய் எத்தனை சென்டிமீட்டர் வளரும், எல்லாம் இருந்தது. அந்த நீளத்தை என் காய் எட்டவே இல்லை, அதற்குள் நாராகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பாக்கெட்டுப் பீர்க்கங்காயும் அந்த இனம்தான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. விதைத்த தேதியையும் காயின் நீளத்தையும் விட்டுவிட்டுப் பூ விரிந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

ஏன் பூவிலிருந்து எண்ண வேண்டும் என்பதற்கு, நாம் காய் தின்கிறோமா பழம் தின்கிறோமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாம்பழம் தின்னும்போது நாம் மரத்தின் விருப்பப்படி நடக்கிறோம். உள்ளே கொட்டை முற்றி அதன் வேலை முடிந்த பிறகுதான் மரம் தோலுக்கு நிறம் ஏற்றுகிறது, சதையில் இனிப்பு ஏற்றுகிறது, வாசனையைக் காற்றில் விடுகிறது. வௌவாலும் அணிலும் நாமும் வந்து விதையைத் தூக்கிப் போகட்டும் என்றுதான் இத்தனையும். ஆகவே எப்போது பறிப்பது என்று யாரும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. பீர்க்கு, சுரை, புடல், வெண்டை, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் நேர் எதிர். விதை உருவாகும் வேலையைப் பாதியில் மறித்து, 'இது போதும்' என்று நாம் அறுத்தெடுக்கிறோம். செடிக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. 'இப்போது வா' என்று அது நிறத்தால் சொல்லாது, வாசனையாலும் சொல்லாது. அந்த நேரத்தை நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது நேற்று வந்த சிக்கல் இல்லை என்பதற்குத் தமிழே சாட்சி. பூம்பிஞ்சு, பிஞ்சு, காய், முற்றல், நெற்று, கனி என்று படிப்படியாகச் சொல் வைத்திருக்கிறோம். அதுவும் போதாமல் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை என்று பிஞ்சுக்கே பயிருக்குப் பயிர் தனிப்பெயர். தேவநேயப் பாவாணர் இந்தச் சொற்களை எல்லாம் தொகுத்து, தமிழின் சொல்வளத்துக்குச் சான்றாகக் காட்டினார். எனக்கு அந்தப் பட்டியல் ஒரு அறுவடைக் குறிப்பேடாகவும் தெரிகிறது. ஊறுகாய்க்கு எந்தப் பருவம், குழம்புக்கு எந்தப் பருவம், விதைக்கு எந்தப் பருவம் என்று நாள்தோறும் பிரித்துப் பார்த்துப் பறித்தவர்களுக்குத்தான் இத்தனை சொல் தேவைப்பட்டிருக்கும்.

பந்தலுக்கு வருவோம். பீர்க்கம்பூ சாயங்காலப் பூ. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். அவற்றின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் மஞ்சள் பூக்கள் விரிந்திருக்கும். சுரைப்பூவும் புடலம்பூவும் வெள்ளை. அவை இன்னும் இருட்டிய பிறகு விரிந்து அந்துப்பூச்சிக்காகக் காத்திருப்பவை. பூசணி, வெள்ளரி, பாகல் மூன்றும் காலையில் விரிந்து தேனீயை நம்புகிறவை. ஒரே குடும்பத்துக்குள் இப்படி இரண்டு ஷிப்ட். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். பெண் பூவுக்கு அடியில், பூ விரியும் முன்பே, காயின் அச்சு அசலான ஒரு குட்டிச் சூலகம் இருக்கும். பீர்க்கில் அந்தக் குட்டிக்கே வரிகள் தெரியும்.

மகரந்தம் சேராவிட்டால் அந்தக் குட்டி நுனியிலிருந்து மஞ்சளித்து மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும். 'பிஞ்சு நிற்க மாட்டேங்குது' என்று மாடித்தோட்டக்காரர்கள் புலம்புவதில் பாதி இதுதான். நாலாவது மாடிக்கு அந்துப்பூச்சி எங்கே வரும்? சாயங்காலம் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, பெண் பூவின் நடுவில் நாமே தொட்டு வைக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். இரண்டு நிமிட வேலை.

மகரந்தம் சேர்ந்துவிட்டால் உள்ளே கருவுற்ற விதைகள் ஆக்சின், ஜிப்ரலின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைச் சுரக்கின்றன. காயை வளரச் சொல்லும் உத்தரவு அங்கிருந்துதான் வருகிறது. முதல் சில நாள் செல்கள் பிரிந்து எண்ணிக்கையில் பெருகும். அப்புறம் பிரிவது குறைந்து, ஒவ்வொரு செல்லும் நீரை நிரப்பிக்கொண்டு ஊதும். பிஞ்சுக் காயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். காலையில் பார்த்த காய் மறுநாள் காலை வேறு காயாக நிற்பதற்கு இந்த நீர் நிரப்பலே காரணம். இந்தக் கட்டத்தில் செல் சுவர் மெல்லியது, விதை வெறும் சவ்வுப் பை. கடித்தால் எல்லாம் ஒரே பதமாக இருக்கும். நாம் தேடுவது இந்தச் சில நாட்களைத்தான்.

அது முடிந்ததும் செடியின் கவனம் விதைக்குள் போகிறது. விதைக்கு உறை கெட்டியாகும். பருப்பில் கொழுப்பும் புரதமும் சேரும். கூடவே, விதைகளுக்கு நீரும் உணவும் கொண்டுபோன குழாய்களின் சுவரில் லிக்னின் படியத் தொடங்கும். மரத்தை மரமாக்கும் அதே பொருள். பீர்க்கில் இந்தக் குழாய்கள் காய் முழுக்க வலைபோலப் பின்னிக் கிடப்பதால், லிக்னின் ஏறஏற வலை இறுகி நாராகிறது. காய்ந்த பிறகு தோலை உரித்தால் ஆச்சி சொன்ன முதுகு தேய்க்கும் நார் அப்படியே கிடைக்கும். என் இறால் குழம்பில் நான் துப்பியது பீர்க்கங்காயின் தண்ணீர்க் குழாய்களை.

பீர்க்குக்குக் கணக்கு, பூ விரிந்து ஐந்து முதல் ஏழு நாள். நான் ஆறாம் நாள் காலையில் பறிக்கிறேன். அன்று அது ஒரு சாண் இருந்தாலும் சரி, ஒன்றரைச் சாண் இருந்தாலும் சரி.

இந்த 'இருந்தாலும் சரி' என்பதில்தான் எங்கள் ஊரின் விசேஷம் இருக்கிறது. தூத்துக்குடியில் உப்பளம் பார்க்காத திசை குறைவு. பல தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் குடத்துக்குத்தான் முதலிடம், செடிக்கு அப்புறம்தான். உப்புத் தண்ணீர் ஊற்றினால் மண்ணிலிருக்கும் உப்பு நீரைத் தன்பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் அதோடு இழுபறி நடத்தித்தான் குடிக்க வேண்டும். காய்க்குள் செல்கள் முழுதாக ஊதுவதில்லை. காய் சின்னதாகவே நின்றுவிடும். ஆனால் விதையின் கடிகாரம் நிற்பதில்லை. அது நாள் தவறாமல் முற்றிக்கொண்டிருக்கும். 'இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்' என்று நாம் காத்திருக்கும்போது உள்ளே நார் ஏறிவிடுகிறது. பாக்கெட்டில் போட்ட சென்டிமீட்டர் நல்ல தண்ணீர் குடித்த காய்க்கு உரியது.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. செடியின் உடலில் நடப்பவை எல்லாம் வேதிவினைகள். ஓர் அளவு வரை சூடு கூடினால் அவை விரையும். அதனால் பயிர் அறிவியலில் நாளை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு நாளும் செடிக்குக் கிடைத்த வெப்பத்தைக் கூட்டி எண்ணுவார்கள். என் பந்தலில் மார்கழிப் பீர்க்கு ஏழாம் நாள் வரை பொறுத்தது. சித்திரைப் பீர்க்கு ஐந்தாம் நாளே அவசரப்பட்டது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் நான் பந்தல் போடுவதே இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தென்மேற்கு மழை எட்டும் ஊருக்குப் பொருந்தும். எங்களுக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும், காயும் கொஞ்சம் பெருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழையை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஓராண்டு மழையைவிட அது அதிகம். என் பந்தல் அன்று பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தது.

அறுவடை நாள் பற்றி எழுதும் தூத்துக்குடிக்காரன் முத்துக்குளிப்பைச் சொல்லாமல் போனால் ஊர் மன்னிக்காது. கடலடியில் சிப்பிகள் கூட்டமாக வளரும் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்போனது. ஒரு பாரில் சிப்பி நிறைந்திருப்பது தெரிந்தவுடன் குளிக்க இறங்கிவிட முடியாது. இளம் சிப்பியில் முத்து தூளாக இருக்கும். நான்கைந்து வயதாக வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் சிப்பி தானாகவே செத்துப்போகும். அல்லது திருக்கையும் கிளாத்தியும் மேய்ந்துவிடும். புயல் ஒன்று மணலை வாரிப் போட்டால் பாரே காணாமல் போகும். வெளியே ஓட்டைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. ஆகவே அரசு அதிகாரிகள் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடையில் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்புப் போட்டார்கள். கணக்குக் கட்டுபடியானால் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே முத்து, சங்குப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் என்ற ஆங்கிலேய விலங்கியலாளரின் வேலையில் பெரும்பகுதி இப்படி நாள் பார்ப்பதுதான். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் நடக்கவே இல்லை.

1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமி சிப்பிக்குள் கரு வைத்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அங்கும் வெப்பக் கணக்கு வந்தது. ஜப்பானின் குளிர்ந்த கடலில் குளிர்காலம் வந்தால் சிப்பி ஏறக்குறைய முடங்கிவிடும். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் அது வருடம் முழுக்க முத்துப்பூச்சுப் பூசிக்கொண்டே இருக்கும். அங்கே ஆகும் காலம் இங்கே ஆகாது. பீர்க்கங்கொடிக்கும் சிப்பிக்கும் சொந்தம் ஒன்றும் இல்லை; ஊர்ச் சூடு மட்டும் இரண்டுக்கும் பொது.

மாதிரி எடுக்கும் அந்த முறை வீட்டுத் தோட்டத்துக்கும் ஆகும். புதிதாக ஒரு ரகம் போட்டால் முதல் காயை மாதிரிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஐந்தாறு நாளில் பறித்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதை இருக்கும் இடம் சதையின் நிறத்திலேயே இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் பொறுக்கலாம். விதைக்கு விளிம்பு தெரிந்து, நகத்தால் நசுக்கினால் தோல் தனியாக வந்தால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். அந்த எண்ணிக்கையை எழுதி வைத்தால் அந்த விதைக்கு, அந்தப் பருவத்துக்கு, உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு அதுதான் சட்டம்.

ஆச்சியின் நகச் சோதனை தப்பே செய்யாது, ஒரு குறையைத் தவிர. பறிக்கப் போகாத காயில் நகத்தை வைத்தால் அது புண். கசியும் சாறு பழ ஈக்கு அழைப்பு. ஈ இளங்காயில் ஊசிபோலக் குத்தி முட்டை வைத்துவிட்டால் காய் ஒருபக்கம் வளைந்து உள்ளே புழுத்துவிடும். ஆகவே கொடியில் தொங்கும்போது கண்ணால் பாருங்கள், கையில் வந்த பிறகு நகத்தால் பாருங்கள். கடையில் சுரைக்காய்மேல் பிறை பிறையாக நகக்குறி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெண்டைக்காய்க்கு நுனி ஒடிப்பது. "ஒடிக்காதீக அண்ணாச்சி, ஒடிச்சா எடுத்துக்கணும்" என்று கடைக்காரர் கத்துவதும், ஒடிப்பவர் காதில் அது விழாததும் தினப்படி நாடகம். பிஞ்சு வெண்டையில் செல்கள் நீரால் விறைத்திருக்கும், நார் இறுகியிருக்காது. அதனால் சட்டென்று முறியும். நார் ஏறிவிட்டால் வளையும், முறியாது. பூத்து ஐந்தாறு நாளில் பறிக்க வேண்டிய காய் அது. ஒருநாள் விட்டு ஒருநாள் செடியைச் சுற்றி வராதவர்கள் வெண்டை போடாமல் இருப்பதே மேல்.

சுரைக்காய்க்கு ரோமம் பாருங்கள். இளங்காயின் தோலில் பூனைமயிர் போல மெல்லிய சுணை இருக்கும். முற்றமுற்ற அது உதிர்ந்து தோல் வழவழப்பாகும், பச்சையின் பளபளப்பு போய் வெளுக்கும். பூத்து பன்னிரண்டு, பதினைந்து நாளுக்குள் பறித்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் தோல் மரக்கட்டையாகி, காய்ந்து, உள்ளே விதை கலகலக்கும் குடுக்கையாகும். குடுக்கையும் இந்தக் கரைக்கு அந்நியமில்லை. நீச்சல் பழகும் பிள்ளைக்கு இடுப்பில் கட்டிய காலம் உண்டு. சுரையின் தாய்வீடு ஆப்பிரிக்கா. ஆள் யாரும் கொண்டுபோகாமலேயே அதன் குடுக்கைகள் அட்லாண்டிக் கடலில் மிதந்து அமெரிக்கா சேர்ந்து முளைத்திருக்கின்றன என்று 2014-இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. மாதக்கணக்கில் உப்புநீரில் விதையைக் காப்பாற்றிய அந்தத் தோலைத்தான் நாம் கூட்டு வைக்க ஆசைப்பட்டுப் பிஞ்சிலேயே மறிக்கிறோம்.

புடலையின் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவது நேராக வளரத்தான். அறுவடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும்போது பறிக்க வேண்டும். விட்டால் ஆரஞ்சு நிறமாகிப் பழுக்கும். பாகலும் அப்படியே, முள்கள் நெருங்கியிருக்கும்போது பறிப்பது. முள் அகன்று உப்பினால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி வெடித்துச் சிவந்த விதையைக் காட்டும்.

பரங்கி, சாம்பல் பூசணி, தர்ப்பூசணி மூன்றுக்கும் சட்டமே வேறு. இவற்றை முற்றவிட்டுத்தான் பறிக்க வேண்டும். பரங்கியில் நகம் இறங்காவிட்டால்தான் வெற்றி. காம்பு பச்சை போய்த் தக்கைபோல ஆகியிருக்க வேண்டும். பூசணிக்கு மேலே சாம்பல் பூத்திருக்க வேண்டும். அது தோல் சுரக்கும் மெழுகு. உள்ளே நீரைப் பூட்டி வைக்க உதவுகிறது, மாதக்கணக்கில் உத்தரத்தில் தொங்கவிட்டாலும் கெடாது. தர்ப்பூசணிக்குத் தட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. காயை ஒட்டிய கணுவில் இருக்கும் பற்றுச்சுருள் காய்ந்திருக்கிறதா, தரையில் படுத்திருந்த அடிப்பக்கம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம். வெடித்துப் பழுக்கும் வெள்ளரிப்பழத்துக்கு இந்த வம்பே இல்லை. அது முலாம்பழத்தின் இனம். பழுத்ததும் காம்புக்கும் காய்க்கும் இடையில் செல்கள் தாமே பிரிந்து, தொட்டதும் கழன்று கையில் வந்துவிடும்.

ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தி மகள் ஆகஸ்ட் மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தொட்டில் பிள்ளை அளவுக்கு ஒரு சுக்கினி. "நாலு நாள் தோட்டத்துப் பக்கம் போகல அண்ணே, இப்படி ஆயிடுச்சு. அதைவிட, செடி காய்க்கிறதையே நிறுத்திடுச்சு." சுக்கினியும் நம் பூசணிக் குடும்பம்தான். அதன் மூலச்செடி மெக்சிகோவுடையது. அங்கே ஒவாஹாக்கா பகுதியில் ஒரு குகையில் கிடைத்த விதைகள் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டு பழையவை. அதைப் பிஞ்சிலேயே தின்னும் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் வட இத்தாலிக்காரர்கள். பெயருக்கே குட்டிப் பூசணி என்றுதான் பொருள். பூத்து நான்கு முதல் ஏழு நாளில், ஒரு சாணுக்கு மேல் போகாமல் பறிக்க வேண்டும். தோலில் மினுமினுப்பு மங்கினால் தாமதம்.

செடி காய்ப்பதை ஏன் நிறுத்தியது? ஒரு காயில் விதை முற்றத் தொடங்கினால் இலையில் தயாராகும் சர்க்கரையில் பெரும்பங்கு அங்கே போகும். அந்த விதைகளிலிருந்து வரும் ஊக்கிகள் அடுத்த பிஞ்சுகளை அடக்கி வைக்கும். வெள்ளரியில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்: முதல் காயை விட்டுவைத்த கொடியில் அடுத்தடுத்த பிஞ்சுகள் வளராமல் நிற்கும், அதைப் பறித்ததும் அவை எழும். செடியைப் பொறுத்தவரை விதை கிடைத்துவிட்டது, இந்த வருடத்து வேலை முடிந்தது. நாம் பறித்துக்கொண்டே இருந்தால்தான் அது திரும்பத் திரும்ப முயலும். "தொட்டில் பிள்ளையை அறுத்துப்போடு, பத்து நாளில் திரும்பக் காய்க்கும்" என்று பதில் அனுப்பினேன். காய்த்தது. நானும் கார்த்திகையில் இரண்டு தொட்டியில் சுக்கினி போட்டேன். தையில் எட்டுப் பத்துக் காய் கிடைத்தது. மாசி தாண்டியதும் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளியது. சூடு கூடினால் இந்தக் குடும்பத்தில் பெண் பூ குறைவது வழக்கம். மறுபடி போட மாட்டேன். பீர்க்கு இருக்கும் ஊரில் சுக்கினிக்கு ஏங்குவது, கைக்கெட்டும் தூரத்தில் இறாலை வைத்துக்கொண்டு டின் மீன் தேடுவது போல.

கசப்பு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. இந்தக் குடும்பத்துச் செடிகள் தங்களைக் காத்துக்கொள்ள குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சைத் தயாரிக்கும். நாம் தின்னும் ரகங்களில் அது அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர்ப் பஞ்சமும் கடும் வெயிலும் வாட்டும்போதோ, தானாக முளைத்த கலப்பு விதையிலோ, அது திரும்பத் தலைதூக்கலாம். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. அதை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு எளிய வழி ஒன்றைச் சொன்னது: நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். வேகவைத்தாலும் கசப்பு போகாது. சுரை, பீர்க்கு, வெள்ளரி, சுக்கினி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பாகலின் கசப்பு அதன் இயல்பு. அதை இதில் சேர்க்க வேண்டாம்.

பறிப்பது காலையில், வெயில் ஏறும் முன். இரவில் இலைகள் நீரை இழப்பது குறைவு என்பதால் காய் விறைப்பாக இருக்கும், சூடும் இருக்காது. கையால் முறுக்கி இழுத்தால் கொடியின் கணு கிழியும். கத்தியால் அரை விரற்கடைக் காம்போடு அறுக்க வேண்டும். ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் வைப்பதும் வேண்டாத வேலை. இவை வெப்ப நாட்டுக் காய்கள். பத்து டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் தோலில் குழி விழுந்து கொழகொழத்துவிடும். ஈரத்துணியில் சுற்றி ஓரிரு நாளில் சமைத்துவிடுங்கள். தோலைத் துவையலுக்கு எடுத்து வையுங்கள்.

விதைக்கு ஒரு காயை விட வேண்டும் என்றால் கொடி ஓய்ந்துவரும் கடைசி நாட்களில் விடுங்கள். முதலிலேயே விட்டால் ஸ்காபரோ கதைதான்.

நான் நாள் எண்ணுவது தையல் நூலால். பெண் பூ விரிந்த அன்று காம்பில் தளர்வாக ஒரு நூல். திங்களுக்கு வெள்ளை, செவ்வாய்க்குச் சிவப்பு என்று ஏழு நிறம். விதை ஆய்வு நிலையங்களில் பூவுக்குத் தேதி எழுதிய அட்டை கட்டுவார்கள், இது அதன் மாடிவீட்டு வடிவம். ஆச்சி முதலில் சிரித்தார். போன வாரம் அவர் வீட்டுப் பந்தலில் ஒரு பச்சை நூலைப் பார்த்தேன். உங்கள் பந்தலில் பீர்க்கம்பூ இன்று சாயங்காலம் விரியும். நூல் கட்டுங்கள், ஆறாம் நாள் காலையில், நீளத்தைப் பார்க்காமல், அறுத்துவிடுங்கள்.